ஏழு அங்குலம்

உட்காருங்கள், அம்மா. முதல் பெஞ்சில் வேண்டாம். அதன் கால் ஒன்று ஆடும். இரண்டாவதில் உட்காருங்கள். மேசை சற்றுத் தாழ்வாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்வித்தவை. கொத்தனாரும் உள்ளே வரலாம். செருப்பு மட்டும் வாசலில் இருக்கட்டும்.

வழக்கறிஞர் ஆணையர் உங்களை எதற்காக அனுப்பியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு இங்கே இரண்டு வேலை. சீரமைப்புத் திட்டத்துக்கு உடன்படும் உறுதிமொழிப் பத்திரத்தில் என் கையொப்பம் பெற வேண்டும். இந்தக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப வேண்டிய இடத்தை அளந்து, கோடு போட்டு, படம் வரைந்துகொண்டு போக வேண்டும். கோடு போடும் வேலையைக் கொத்தனார் இப்போதே தொடங்கட்டும். நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு குறுக்கே நிற்பவன் நான் அல்லன். கையொப்பத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை. நான் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். வழக்குத் தொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒருவரும் முழுவதும் கேட்டதில்லை. நீதிபதியே, "சுருக்கமா சொல்லுங்க சார்" என்றார். சுருக்கமாகச் சொல்லத் தக்க செய்தியா இது?

கொத்தனாரே, உங்கள் பெயர் என்ன? கருப்பையாவா? நல்லது. அளவு நாடாவைத் தொய்யவிடாமல் பிடியுங்கள், கருப்பையா. தொய்ந்தால் அரை அங்குலம் கூடும்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அதற்குள் ஒன்பது வீட்டுக்காரர்களின் உறுதிமொழியும் நீதிமன்றத்தில் சேராவிட்டால், திட்டம் தானாகவே இரத்தாகும். மாநகராட்சி கொடுத்த இடிப்பு அறிவிப்பு உயிர்பெறும். இந்தக் கட்டடம் மொத்தமும் தரைமட்டம். எட்டுப் பேர் போட்டாயிற்று. எஞ்சியிருப்பவன் நான். இதைத்தானே சொல்ல வந்தீர்கள்? எனக்கு மனப்பாடம், அம்மா. மூன்று வாரமாக மாடிப்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பால்காரரும் சொல்கிறார். அவருக்கு இங்கே வீடுகூட இல்லை.

நான் க. பொன்னுரங்கம். முப்பத்து நான்கு ஆண்டு கணித ஆசிரியர். பேசும்போதும் எழுதுவதைப்போலத்தான் பேசுவேன். ஆசிரியர் அறையில் என்னைக் கேலி செய்வார்கள்: "பொன்னுரங்கம் காபி கேட்டா கட்டுரை எழுதின மாதிரி இருக்கும்யா." இருக்கட்டுமே. அரைகுறையாகக் கேட்டால் அரைகுறையாகத்தான் கிடைக்கும். காபியும் அப்படித்தான், நீதியும் அப்படித்தான்.

இந்தக் கட்டடத்துக்குத் தூண் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் கட்டியது. அக்காலத்தில் உறையூரில் பெரும்பாலும் இப்படித்தான் கட்டுவார்கள். தரைத்தளம், அதன்மேல் இரண்டு தளம், தளத்துக்கு மூன்று வீடு. கீழ்ச்சுவரின்மேல் மேல்சுவர், அதன்மேல் இன்னொரு சுவர். சுவர்களே சுமக்கின்றன. கீழே உள்ளவன் நகர்ந்தால் மேலே உள்ளவன் இறங்குவான். எளிய கணக்கு.

சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஐப்பசி மழையில், என் வீட்டுக்கு நேர்மேலே உள்ள ஜரினா பேகம் வீட்டின் சமையலறைச் சுவர் வெடித்தது. முதலில் முடி போன்ற விரிசல். பிறகு விரல் நுழைந்தது. பிறகு தரை ஒரு பக்கம் தாழ்ந்து, அவர் உருட்டிவைத்த சப்பாத்தி மாவு தானாகவே உருண்டு அடுப்பங்கரைக்குப் போனதாம். மாநகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, அந்தச் சமையலறையின் நடுவே இரும்பு முட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில் தரையிலிருந்து கூரை வரை ஒரு குழாய். ஏறத்தாழ இரண்டு ஆண்டாக அந்த அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் சமைக்கிறார்.

ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார். "சார், எங்க வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் குடி வந்திருக்காரு, வந்து பாருங்களேன். பேச மாட்டாரு, சாப்பிட மாட்டாரு, நகரவும் மாட்டாரு. என் கைத்துண்டை மட்டும் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா அவரு காலி பண்ணிடுவாரு, சார்" என்றார். பேச்சில் கெட்டிக்காரர். ஆனாலும் பண்பு கெட்டவர் அல்லர். வழக்கு நடந்த இந்த ஆண்டு நோன்புக் காலத்திலும் கஞ்சி கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன கருப்பையா? தெருப்பக்கத்துச் சுவரிலிருந்து அளப்பதா? ஆம், அங்கிருந்துதான். பூச்சைச் சேர்த்து அளக்கக் கூடாது. செங்கல் முகத்திலிருந்து அளக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது பாருங்கள், அங்கே நாடாவை வையுங்கள்.

வழக்குக்கு வருகிறேன். திட்டம் வேண்டுமென்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் மேல் வீட்டுக்காரர்கள். தலைவர் மாசிலாமணி, போக்குவரத்துக் கழகத்தில் கிளை மேலாளராக இருந்தவர், இரண்டாம் தளம். ஆள் நல்லவர், அவசரக்காரர். பேருந்தைப்போல எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துப் புறப்பட்டுவிட வேண்டும் அவருக்கு. நீதிமன்றம் ஆணையரை நியமித்தது. ஆணையர் வரைவுத் திட்டம் கொண்டுவந்தார். ஒன்பது வீடும் ஐந்து மாதத்துக்குக் காலி செய்ய வேண்டும்; எந்தச் சுவரை எந்த முறையில் செப்பனிடுவது; யார் யார் எப்போது திரும்பி வருவது; எல்லாம் இருபத்தேழு பக்கம்.

தாமதம் யாரால் என்று கேட்கிறார்கள். கணக்குப் பார்த்துவிடுவோம். வரைவு என் கைக்கு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கத்தில் மேற்குச் சுவர் என்கிறது, மறுபக்கத்தில் அதே சுவரை வடக்கு என்கிறது. கூட்டல் இரண்டிடத்தில் தவறு. சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி, கடைசியில் மதிப்பெண்ணும் இட்டுக் கொடுத்தேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று. தாராளமாகத்தான் இட்டேன். அதைச் சரிசெய்ய உங்கள் ஆணையருக்கு இரண்டு மாதம். மறுபடியும் திருத்தினேன். மறுபடியும் இரண்டு மாதம். மூன்றாம் முறை ஆட்சேப மனுவாகவே கொடுத்தேன்; அதற்கு ஐந்து வாய்தா. முதல் தடவையே ஒழுங்காக எழுதியிருந்தால் இந்த மாதங்களெல்லாம் வீணாகியிருக்குமா? சொல்லுங்கள். ஆனால் பழி என்மேல்.

என் சிவப்புத் தாளை நீதிபதி கையில் எடுத்துப் பார்த்தார். புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, "நாற்பத்தொண்ணா? முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே, சார்? அப்போ திட்டம் பாஸ்" என்றார். நீதிமன்றம் முழுவதும் சிரித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். வெளியே வந்ததும் மாசிலாமணி, "நீங்க திருத்தி முடிக்கிறதுக்குள்ள பில்டிங் விழுந்துரும் சார். அப்புறம் எங்க எல்லாருக்கும் டி.சி. குடுத்து அனுப்பிச்சிருங்க" என்றார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் பத்தியை நீக்க வேண்டும். அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் பத்தி என்ன சொல்கிறது? உங்கள் கையிலேயே இருக்கிறது. "தரைத்தளம் இரண்டாம் எண் வீட்டில் அகற்றப்பட்ட தாங்கு சுவரை அதே இடத்தில் மீண்டும் எழுப்ப வேண்டும்." அகற்றப்பட்டதாம்! இந்தக் கூடத்தைப் பாருங்கள். இருபத்திரண்டரை அடி நீளம். ஆறு பெஞ்சு, ஆறு மேசை, கரும்பலகை. இந்தக் கோடியிலிருந்து பேசினால் அந்தக் கோடியில் இருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும். எதிரொலியே கிடையாது. இதன் நடுவே சுவர் வந்தால் என்ன ஆகும்? முன்னால் ஒரு பொந்து, பின்னால் ஒரு பொந்து. வகுப்பு எங்கே நடப்பது?

இந்தக் கூடம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறேன். வாங்கும்போது எப்படியோ அப்படியே இருக்கிறது என்று. வழக்கறிஞர் எழுதிக்கொடுத்தார், நான் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன். ஒற்றுப்பிழை மூன்றைத் திருத்திவிட்டுத்தான் இட்டேன்.

பின்னே பன்னிரண்டாம் பத்தி எங்கிருந்து வந்தது என்றால், அமலநாதனிடமிருந்து வந்தது. நீதிமன்றம் நியமித்த கட்டடப் பொறியாளர். பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவராம் இப்போது. அவன் என் மாணவன், அம்மா. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் சுவரோரம்தான் அவன் இடம். கூம்பின் கன அளவுக்கு மூன்றால் வகுக்க மறந்துவிடுவான். மறக்கவே கூடாதென்று நூறு தடவை எழுதச் சொன்னேன், எழுதினான். முணுமுணுக்காத பிள்ளை. செய்யச் சொன்னதைச் செய்வான். செங்கல்லை எண்ணி அடுக்கு என்றால் ஆயிரத்து நாற்பதையும் எண்ணி, பத்துப் பத்தாக அடுக்கிவிட்டு வந்து நிற்பான்.

எந்தச் செங்கல்லா? பொதுவாகச் சொன்னேன். பின்புறம் துணி துவைக்கும் மேடை கட்டினோம், அதற்கு வந்த செங்கல்.

கருப்பையா, நூலின் அந்த முனையை ஆணியில் சுற்றுங்கள். கையால் பிடித்தால் ஆடும்.

அமலநாதன் சென்ற தை மாதம் வாசலில் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஏதோ கருவி. "சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். "இருக்கிறேன்" என்றேன். "உள்ளே வந்து ஒரு தடவை அளந்துக்கட்டுமா, சார்? மேல் வீட்டுச் சுவரும் இங்கே இருந்த சுவரும் நேருக்கு நேரா இருந்துச்சான்னு பாக்கணும். பிளான்ல ஒரு அளவு இருக்கு, அதை நம்பிப் போட எனக்கு மனசு வரல" என்றான். இருந்த சுவராம்! "வரைபடத்தில் உள்ளதை எடுத்துக்கொள். என் வீட்டுக்குள் வராதே" என்றேன். அவன் கதவுவழியாகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "சரி, சார்" என்று போய்விட்டான். அன்றும் முணுமுணுக்கவில்லை.

பிறகு அறிக்கை வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? சொல்லுக்குச் சொல் சொல்கிறேன். "இச்சுவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்தில் தனிப்பயிற்சி வகுப்புக்காக இடித்து அகற்றப்பட்டது. அகற்றிய மாணவர் பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன்." ஓர் அறிக்கையில் எந்தப் பொறியாளராவது தன்னையே சேர்த்து எழுதுவானா? நீதிபதி அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அமலநாதனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இவரு உங்க ஸ்டூடண்டா?" என்றார். "ஆம். மூன்றால் வகுக்க மறப்பவன்" என்றேன். வேறு என்ன சொல்வது? யாரோ சிரித்தார்கள். அமலநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

பதினாறு வயதுப் பிள்ளையின் நினைவை நம்பி ஒரு வீட்டின் நடுவே சுவர் எழுப்புவதா? அன்று ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். பிள்ளைகள் வந்தார்கள், சிரித்தார்கள், பாடினார்கள், எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள், மாலையில் போனார்கள். வகுப்புக்கு வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆசிரியருக்குக் கைம்மாறாக ஏதாவது செய்கிறோம், சார் என்று பிள்ளைகள் தாமாகக் கேட்டால், வேண்டாமென்று எந்த ஆசிரியர் சொல்வார்? அந்த ஆண்டுதான் அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். இரண்டு பிரிவாக, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தெருவின் கோடி வரை மிதிவண்டி நிற்கும். காவல் நிலையத்திலிருந்து வந்து கேட்டார்கள், என்ன கூட்டம் என்று. கணக்கு என்றேன். போய்விட்டார்கள்.

என் மனைவி தையல்நாயகிக்கு அந்தக் கூட்டம் பிடிக்காதென்று இல்லை. பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வைப்பாள். ஒன்றே ஒன்று கேட்டாள், எனக்குப் படுக்க இடம் எங்கே என்று. அந்தக் கோடியில் கம்பி கட்டித் திரைச்சீலை மாட்டிக்கொடுத்தேன். நல்ல கனமான துணி. இரவு வகுப்பு நடக்கும்போது அதற்கப்பால் படுத்துக்கொள்வாள். பதினெட்டு ஆண்டு ஒரு குறை சொன்னதில்லை. இருமல் வந்தால் மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய் இருமிவிட்டு வருவாள், வகுப்புக்கு இடைஞ்சலாக இருக்குமென்று. கடைசி நோயிலும் அங்கேயேதான் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். கம்பி இன்னும் இருக்கிறது, பாருங்கள். திரையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

என்ன கேட்கிறீர்கள்? திரைக்கு முன்பு அவள் எங்கே படுத்தாளா? அறையில்தான். எந்த அறை என்றால்... அது வேறு செய்தி. அதை விடுங்கள்.

நான் ஆட்சேபிப்பது எனக்காக அன்று. பிள்ளைகளுக்காக. இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்கிறீர்களா? இப்போது விடுமுறை... இல்லை, புரட்டாசியில் ஏது விடுமுறை? காலாண்டுத் தேர்வு நேரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு யாரும் சேரவில்லை. சென்ற ஆண்டும் இல்லை. கடைசியாக வந்தவன் கிஷோர் குமார் என்று ஒரு பையன், பெருந்தொற்றுக்கு முந்தின ஆண்டு. தனியாகவே வருவான். அந்த ஆறு பெஞ்சில் ஒன்றில் அவன், எதிரே நான். முதல் பெஞ்சில் உட்காரச் சொன்னால் கூச்சப்பட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவான்; நான் இந்தக் கோடியிலிருந்தே அவனுக்கு உரக்க நடத்துவேன். அவன் தந்தைக்குச் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. வாசல் பலகைக்கு ஒவ்வொரு சித்திரையும் வண்ணம் பூசிவிடுகிறேன். வருபவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் அல்லவா? வந்து பார்த்துவிட்டு, இங்கே இடமில்லை என்று ஒருவன்கூடத் திரும்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். மேல் வீட்டு அம்மாளின் அழைப்பு மணியா அது? இல்லை, கீரைக்காரி.

நேற்று ஜரினா பேகம் கீழே இறங்கி வந்தார். எப்போதும் வாசலில் நின்றே பேசுகிறவர், நேற்று உள்ளே வந்து, இதோ, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கேலி எதுவும் இல்லை. "சார், அந்தக் கம்பம் ராத்திரியில சத்தம் போடுது. டிக்கு டிக்குன்னு. நான் எந்திரிச்சு உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். "இரும்பு வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். அந்த ஒலியாக இருக்கும்" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, சார். மழை வருது. எம்மக பிரசவத்துக்கு வரேங்கிறா. வராதேன்னு சொல்லிட்டேன். பெத்த மகளை வராதேன்னு சொல்லிட்டேன், சார்" என்றார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கூரை, அவருக்குத் தரை. கடைசியில் எழுந்தவர், "உங்க வீட்டுல அம்மா இருந்தாங்கன்னா கையெழுத்துப் போட வச்சிருப்பாங்க" என்றார்.

அதுதான் அவருக்குத் தெரியாது. தையல்நாயகி எதையும் செய்யவைக்க மாட்டாள். கேட்பாள், ஒருமுறை. அவ்வளவுதான்.

என்ன கருப்பையா, முடிந்ததா? நீலப்பொடி போட்டு நூலை அடித்துவிட்டீர்களா? தள்ளுங்கள், பார்ப்போம். நேராகத்தான் விழுந்திருக்கிறது. அளவு என்ன? பதினொன்றே காலடி. ஆம், வரைபடத்தில் உள்ளதும் பதினொன்றே காலடிதான். சரியாகவே போட்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. பதினொன்றே காலடி. படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லை. எழுதாதீர்கள்.

சற்றுப் பொறுங்கள் என்கிறேன். பேனாவை வையுங்கள்.

அது தவறு. அங்கே அல்ல. இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணை உறுத்துகிறது. கருப்பையா, நாடாவைக் கொடுங்கள். இங்கே பிடியுங்கள். பதினோரடி பத்து அங்குலம். இங்கே. இதுதான் சுவரின் முகம். உங்கள் கோட்டுக்கும் இதற்கும் ஏழு அங்குலம். இங்கே எல்லாம் ஒன்பது அங்குலச் சுவர்தான். ஒன்பது அங்குலச் சுவர் ஏழு அங்குலம் விலகி நின்றால், மேலே உள்ள சுவருக்குக் கீழே எவ்வளவு மிஞ்சும்? இரண்டு அங்குலம். ஒரு செங்கல்லின் ஓரம். அந்த ஓரத்தின்மேல் இரண்டு தளத்தை உட்காரவைப்பார்கள். வேலை முடிந்தது என்று அந்த இரும்புக் குழாயைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அந்த அம்மாள் அடுப்புக்கு முன்னால் நிற்பார். மகளுக்கு வரச்சொல்லிக் கடிதம்... இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள், தொலைபேசியில் வரச் சொல்லியிருப்பார்.

தரையைத் தோண்டும்போது பழைய அஸ்திவாரம் தெரிந்துவிடும் என்கிறாரா கருப்பையா? தெரியும். தெரிந்தபின் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கிழமை இந்தப் படம் நீதிமன்றத்தில் பதிவாகிவிடும். பதிவான திட்டத்தை ஒரு விரற்கடை மாற்றுவதற்கும் மனுப் போட வேண்டும். மனுவுக்கு ஆட்சேபம், ஆட்சேபத்துக்கு வாய்தா. எத்தனை மாதம் ஆகுமென்று என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். அதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

வரைபடம் தவறு அன்று, அம்மா, கட்டியதுதான் தவறு. அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்தவர்கள் ஏழு அங்குலம் பின்னால் பிடித்துவிட்டார்கள். மேல்சுவர் இரண்டும் அந்தத் தவற்றின்மேலேயே நேராக ஏறின. கட்டும்போது நான் மாலைதோறும் பள்ளியிலிருந்து நேரே இங்கே வந்து பார்ப்பேன். அளந்தேன். அன்றே கட்டியவர்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன், எண்பத்தெட்டு ஆவணியில். "தாங்கள் எழுப்பியுள்ள சுவரால் படுக்கையறையின் நீளத்தில் ஏழு அங்குலம் குறைந்துவிட்டது; என் மனைவியின் கட்டிலும் பீரோவும் ஒருங்கே அடங்கா" என்று. நகல் அந்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒப்புகை அட்டையும் இருக்கிறது. தேதி பார்த்து...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆம்.

பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அம்மா. மூன்று ஒற்றுப்பிழை திருத்தியவன் நான்தானே.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுங்கள். பதினோரடி பத்து அங்குலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மே மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடிந்தது. பதினெட்டுப் பேர் அல்லர், பத்தொன்பது பேர். முதல் அடி என்னுடையது. அமலநாதன் என்னைச் சேர்த்துக்கொள்ளாமல் எண்ணியிருக்கிறான். வேண்டுமென்றேதான் விட்டிருப்பான். அவன் எண்ணிக்கையில் தவறுகிறவன் அல்லன்.

அந்த உறுதிமொழித் தாளையும் இப்படிக் கொடுங்கள். எங்கே போட வேண்டும்? இங்கேயா? மேசை ஆடவில்லையே? நன்று. பிரமாணப் பத்திரத்துக்கு என்ன தண்டனையோ அதை நீதிபதி சொல்லட்டும். சுருக்கமாகச் சொல்லட்டும்.

கருப்பையா, உங்கள் நீலக் கோட்டைத் துணியால் துடைத்துவிடுங்கள். அழுத்தித் துடையுங்கள், இரண்டு கோடு இருந்தால் நாளைக்கு வருபவன் குழம்புவான். நூல் வேண்டாம். அந்தக் கரும்பலகையின் அடியில் சாக்பீஸ் டப்பா இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள். நான் போடுகிறேன். கவலை வேண்டாம், அம்மா, என்னால் குனிய முடியும். அளவுகோல் இல்லாமல் இருபது அடிக்கு நேர்கோடு போட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இதோ, இங்கிருந்து. இப்படி.

இங்கே நிறுத்துகிறேன். கோட்டைத் தொடர வேண்டாம். இங்கிருந்து இரண்டே முக்கால் அடியை விட்டுவிட்டு, அதற்கப்பால் எழுப்புங்கள். படத்திலும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. இங்கே கதவு இருந்தது. உட்பக்கம் தாழ்ப்பாள். அவள் பக்கம்.